பிள்ளையின் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

“உங்கள் மகனை ஒருமுறை மதிப்பீடு செய்து பார்க்கலாமா?” என்று அமெரிக்கப் பள்ளியிலிருந்து கேட்டுவிட்டால், அன்றிரவு நம் வீடுகளில் யாருக்கும் தூக்கம் வராது. “ஃபைல்ல ஏறிடுமா? காலேஜ் அட்மிஷன்ல பார்ப்பாங்களா? கிரீன் கார்டுக்குச் சிக்கல் வருமா?” என்று கேள்விகள் வரிசைகட்டும். ஊரில் தாத்தா பாட்டிக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அடுத்தது. இந்தக் குழப்பத்திலேயே ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஓடிவிடுகிறது. நாலு வயதில் இன்னும் பேச்சு வராத குழந்தைக்கு ஒரு வருஷம் மிகப் பெரிய காலம்.

கோப்பு உருவாகத்தான் செய்யும். ஆனால் அதைப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும், வெளியாளுக்குக் கொடுக்காதே என்று தடுக்கவும் சட்டம் பெற்றோருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் பெற்றோரின் பிள்ளைக்குச் சேவையும் ஒழுங்காகக் கிடைக்கிறது. அதனால்தான் அந்தரங்கத்தையும் சிறப்புக் கல்வியையும் இந்த நூலில் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிக்கவில்லை.

இரண்டு சட்டங்கள்

பள்ளிப் பதிவுகளைக் காக்கும் சட்டத்தின் பெயர் ஃபெர்பா. 1974இல் வந்தது. நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்ததால் பழைய ஆட்கள் அதைப் பக்லி திருத்தம் என்றும் சொல்வார்கள். அதுவரை பல பள்ளிகளில் பிள்ளையைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பெற்றோரால் பார்க்க முடியாது. அதே கோப்பை வெளியாட்கள் கேட்டால் கிடைத்துவிடும். அந்த நிலையைத்தான் இந்தச் சட்டம் தலைகீழாக்கியது.

அடுத்த வருஷம், 1975 நவம்பரில், ஊனமுற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமான, பொருத்தமான பொதுக்கல்வி தர வேண்டும் என்ற சட்டத்தில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். பென்சில்வேனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும், “எங்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள்” என்று பெற்றோர் வழக்குப் போட்டு வென்றதன் தொடர்ச்சி அது. 1990இல் அதற்கு ஐடியா என்று பெயர் மாறியது. 2004இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. 3 வயது முதல் 21 வரை அதன் எல்லை. 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அதே சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு.

இது தானமோ சலுகையோ கிடையாது. பள்ளியில் சேர எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பது பொருட்டல்ல. குடியேற்ற ஆவணங்களே இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியின் கதவை மூடக் கூடாது என்று 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எச்-4இல் இருக்கும் குழந்தைக்கும், இங்கேயே பிறந்த குழந்தைக்கும், ஐடியா சட்டத்தில் ஒரே இடம்தான்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள்

ஆசிரியரிடம் வாசலில் நின்று பேசுவது, பெற்றோர் சந்திப்பில் சொல்வது, இவையெல்லாம் நல்ல பழக்கம்தான். ஆனால் நாள்கணக்கு ஓட ஆரம்பிப்பது எழுதிக் கேட்ட பிறகுதான். பள்ளி முதல்வருக்கும் டிஸ்ட்ரிக்ட்டின் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஆங்கிலத்தில் நான்கு வரி போதும்: என் மகள் இந்தப் பள்ளியில் இந்த வகுப்பில் படிக்கிறாள், படிப்பதிலும் பேசுவதிலும் இன்னின்ன சிரமங்களைப் பார்க்கிறோம், ஐடியா சட்டப்படி அவளுக்கு முழுமையான சிறப்புக் கல்வி மதிப்பீடு செய்யக் கேட்டுக்கொள்கிறோம், ஒப்புதல் படிவத்தை அனுப்புங்கள். தேதி போடுங்கள். அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

மதிப்பீட்டுக்கு நீங்கள் ஒப்புதல் தந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது மத்திய விதி. மாநிலம் தனக்கென்று ஒரு கெடு வைத்திருந்தால் அதுதான் செல்லும். டெக்சாஸில் பொதுவாக 45 பள்ளி நாட்கள். நியூ ஜெர்சியில் ஒப்புதலிலிருந்து சேவை தொடங்குவது வரை எல்லாம் சேர்த்து 90 நாட்கள். கலிஃபோர்னியாவில் 60 நாட்கள், ஆனால் நீண்ட விடுமுறைகள் கணக்கில் வராது. மே மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டால் கோடை முழுதும் காத்திருக்க வேண்டிவரும்.

“முதலில் வகுப்பிலேயே கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம், அப்புறம் பார்க்கலாம்” என்று பள்ளி சொல்லலாம். பயிற்சி கொடுக்கட்டும், நல்லதுதான். அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறையின் சிறப்புக் கல்வி அலுவலகம் 2011இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மதிப்பீடு தேவையில்லை என்று பள்ளி முடிவுசெய்தால் அதையும் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். நம் ஆட்கள் பலர் “டீச்சரே வேண்டாம்னுட்டாங்க” என்று திரும்பிவிடுகிறார்கள். டீச்சர் வாயால் சொன்னது சட்டப்படியான மறுப்பு ஆகாது.

கோப்பில் என்ன இருக்கும்

ஒரு பிள்ளைக்கு ஒரே கோப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மதிப்பெண், வருகை, தடுப்பூசி விவரம் எல்லாம் இருக்கும் பொதுக் கோப்பு பள்ளி அலுவலகத்தில். சிறப்புக் கல்விக் கோப்பு பெரும்பாலும் வேறு அலமாரியில், சில இடங்களில் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில். ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதும் சேவைக் குறிப்புகள், ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள், நர்ஸ் அறையின் பதிவு எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். அரசுப் பள்ளி நர்ஸ் வைத்திருக்கும் பதிவு மருத்துவமனைகளுக்கான ஹிப்பா சட்டத்தில் வராது. அது ஃபெர்பாவில் வரும் கல்விப் பதிவு. ஆகவே அதையும் நீங்கள் கேட்கலாம். ஆசிரியர் தன் நினைவுக்காக மட்டும் எழுதி, வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் குறிப்புக்கு மட்டும் உங்களுக்கு உரிமை இல்லை.

கேட்கும்போது, “எங்கே வைத்திருந்தாலும், தாளிலோ கணினியிலோ, என் பிள்ளையைப் பற்றிய எல்லாக் கல்விப் பதிவுகளும்” என்று எழுதுங்கள். எந்த வகைப் பதிவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலைக் கேட்கவும் உரிமை உண்டு. முதல் மின்னஞ்சலிலேயே அதைக் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

கேட்ட பதிவுகளைக் காட்ட 45 நாட்களுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது என்பது ஃபெர்பாவின் உச்ச வரம்பு. ஐடியா அதைவிட ஒரு படி மேலே போகிறது: ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தைப் பேசும் கூட்டத்துக்கு முன்பாகவே காட்டியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் சிறப்புக் கல்விப் பதிவுகளை ஐந்து வேலை நாட்களில் தர வேண்டும். நகலுக்குக் காசு கேட்கலாம், தேடி எடுத்ததற்குக் கேட்கக் கூடாது. அந்த நகல் காசே உங்களைப் பார்க்கவிடாமல் தடுக்குமென்றால் அதையும் வாங்கக் கூடாது. வாசிக்க உதவியாக நம்பிக்கையான ஒருவரை உங்கள் பிரதிநிதியாக அனுப்பவும் செய்யலாம்.

அறிக்கையைப் படிப்பது

அறிக்கை வந்ததும் எண்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஸ்டாண்டர்டு ஸ்கோர், பெர்சென்டைல் இவற்றைக் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதலில் படிக்க வேண்டியது ‘பின்னணி’ என்ற பகுதி. உங்களிடம் பேசி எழுதியது அது. அதில் பிழை இருந்தால் உங்களுக்குத்தான் தெரியும்.

அங்கே நம் வீட்டு வழக்கங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று கவனியுங்கள். அன்றாடத் திறன்களைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்று பெற்றோரிடம் வரும்: ஸ்பூன், ஃபோர்க் பயன்படுத்துகிறானா, தானாகச் சாப்பிடுகிறானா, தனியாகத் தூங்குகிறானா, தானே குளிக்கிறானா. ஐந்து வயதுப் பேரனுக்குப் பாட்டி ரசஞ்சோறு பிசைந்து ஊட்டுகிற வீட்டில், அம்மா நேர்மையாக ‘இல்லை, இல்லை’ என்று டிக் போடுவார். தானாகச் செய்யத் தெரியாது என்று அதற்குக் குறைந்த மதிப்பெண் விழும். செய்யத் தெரியாததும் செய்யவிடாததும் ஒன்றல்ல என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்டிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. நிஜமாகவே சட்டைப் பொத்தான் போட முடியாமல் தவிக்கும் குழந்தையை, “எங்க வீட்ல நாங்கதான் போட்டுவிடுவோம்” என்று சொல்லி மறைத்துவிடுவதும் நடக்கிறது. இரண்டுமே பிள்ளைக்குக் கேடு.

மொழியைப் பற்றிய வரிகளையும் விடாதீர்கள். மதிப்பீடு குழந்தையின் தாய்மொழியில், அல்லது அது அறிந்ததையும் செய்யக்கூடியதையும் சரியாக வெளிக்கொணரும் மொழியில் நடக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் முடியவே முடியாது என்றால் மட்டும் விலக்கு. ஆங்கிலம் போதாமை மட்டுமே காரணமாக ஒரு குழந்தையைச் சிறப்புக் கல்வியில் போடவும் கூடாது. “வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று யாராவது அறிவுரை சொன்னால், கும்பிட்டுவிட்டுத் தமிழிலேயே தொடருங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் கோளாறு வருவதில்லை. தாத்தாவோடும் அத்தையோடும் பேச ஒரு மொழி இருக்கும் குழந்தையிடமிருந்து அதையும் பிடுங்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

தவறு கண்டால் என்ன செய்வது? இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பிறந்த தேதி, மருத்துவ வரலாறு, நீங்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுதியது, தவறான எண்ணத்தைத் தருவது, அந்தரங்கத்தை மீறுவது, இவற்றைத் திருத்தச் சொல்லி எழுதலாம். பள்ளி மறுத்தால் விசாரணை கேட்கலாம். அதிலும் தோற்றால் உங்கள் மறுப்புரையைக் கோப்பில் சேர்க்கச் சொல்லலாம். அந்தப் பதிவு எங்கே போனாலும் உங்கள் உரையும் கூடவே போக வேண்டும். ஆனால் நிபுணரின் முடிவே சரியில்லை என்றால் திருத்தக் கோரிக்கை உதவாது. அதற்கு வேறு வழி: பள்ளியின் மதிப்பீட்டை ஏற்கவில்லை என்று எழுதி, வெளி நிபுணரைக் கொண்டு அரசுச் செலவில் மறுமதிப்பீடு கேட்பது. டிஸ்ட்ரிக்ட் அதற்குப் பணம் தர வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியானதே என்று நிரூபிக்கத் தானே முறையான விசாரணை கோர வேண்டும்.

கூட்டத்தில்

ஐ.இ.பி. கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் அந்தக் குழுவின் உறுப்பினர், விருந்தாளி அல்ல. பேச்சு புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை; உங்களுக்குச் செலவில்லை. வேலைக்குப் போகும் ஆங்கிலம் வேறு, இந்தக் கூட்டத்தின் ஆங்கிலம் வேறு. அப்பா சாஃப்ட்வேர் இஞ்சினியர் என்பதற்காக அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது.

தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊர்களில் இதில் ஒரு தர்மசங்கடம் வரும். பள்ளி நல்லெண்ணத்தோடு, தமிழ் தெரிந்த வேறொரு பெற்றோரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருக்கும். கோயிலிலும் பொங்கல் விழாவிலும் பார்க்கும் முகம். அவர் முன்னால் எந்தத் தாய் மனம்விட்டுப் பேசுவாள்? “இவர் வேண்டாம், எங்களுக்குத் தெரியாத, தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது ஏற்பாடு செய்யுங்கள்” என்று கூச்சமில்லாமல் சொல்லுங்கள். கூட்டத் தேதி வந்ததுமே எழுதிக் கேட்டுவிட்டால் இந்த இக்கட்டே வராது. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைப்பது அதைவிட மோசம். தம்பியைப் பற்றி அந்தக் குழந்தை கேட்கக் கூடாதவற்றையெல்லாம் கேட்கும்.

இனி கையெழுத்து. வருகைப் பதிவில் போடுவது வந்தீர்கள் என்பதற்கு மட்டும். மதிப்பீட்டுக்குத் தந்த ஒப்புதல் சேவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது. முதல் முறை சேவை தொடங்கத் தனியே உங்கள் கையெழுத்து வேண்டும். அன்றே போட்டாக வேண்டியதில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம். அதற்கடுத்த வருஷங்களில்தான் எச்சரிக்கை தேவை. பல மாநிலங்களில் புதிய ஐ.இ.பி.க்கு உங்கள் கையெழுத்து கட்டாயமில்லை. மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிட்டு அமலாக்கிவிடலாம். கையெழுத்துப் போடாமல் இருப்பதே எதிர்ப்பு என்று நினைத்து வாளாவிருந்துவிடாதீர்கள். ஏற்கவில்லை என்றால் எதை, ஏன் என்று உடனே எழுதி அனுப்புங்கள்.

இலக்குகளைப் படிக்கும்போது போன வருஷத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வரிகள் அப்படியே திரும்ப வந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். ஏதோ கொஞ்சம் பலன் இருந்தால் போதும் என்ற அளவுகோல் செல்லாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று 2017இல் எண்ட்ரூ என்ற ஆட்டிசம் உள்ள சிறுவனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தச் சிறுவனின் பெற்றோர் காட்டியதும் இதைத்தான்: வருஷத்துக்கு வருஷம் மாறாத இலக்குகளை.

யார் பார்க்கலாம்

பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியர், தெரபிஸ்ட், பணியின் நிமித்தம் தேவைப்படும் பள்ளி ஊழியர், இவர்கள் உங்கள் அனுமதியில்லாமல் பார்க்கலாம். பிள்ளை சேரப்போகும் வேறு பள்ளிக்கும், நீதிமன்ற உத்தரவுக்கும், உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு, என்ன பதிவு, எதற்காக, யாருக்கு என்று குறிப்பிட்டு நீங்கள் தேதியோடு கையெழுத்திட்டால்தான் தரலாம். யார், எப்போது, எதற்காகப் பார்த்தார்கள் என்று எழுதி வைக்கும் தாள் ஒன்று சிறப்புக் கல்விக் கோப்பில் இருக்க வேண்டும். பள்ளி ஊழியர்களின் பெயர் மட்டும் அதில் வராது. அந்தத் தாளையும் கேளுங்கள்.

குழந்தை மருத்துவரிடம் பேச அனுமதி கேட்டுப் பள்ளி ஒரு படிவம் நீட்டும். ‘எல்லா மருத்துவப் பதிவுகளும்’ என்று இருந்தால் அதை அடித்துவிட்டு, ‘ஆட்டிசம் மதிப்பீட்டு அறிக்கை மட்டும், இந்தப் பள்ளி ஆண்டு முடியும்வரை’ என்று எழுதித் தரலாம். வெளியே காசு கட்டிச் செய்த அறிக்கையைப் பள்ளியிடம் கொடுத்த நிமிடமே அது பள்ளிப் பதிவாகிவிடும். அதில் கணவன் மனைவி சண்டை, குடும்பத்தில் யாருக்கோ இருந்த மனநோய் என்றெல்லாம் இருக்கக் கூடும். பள்ளிக்கென்று சுருக்கமான அறிக்கை ஒன்றை முன்கூட்டியே நிபுணரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர், முகவரி, புகைப்படம் போன்ற பொது விவரங்களைப் பள்ளி வெளியிடலாம். வேண்டாம் என்றால் ஆண்டுத் தொடக்கத்தில் எழுதித் தந்துவிடலாம். சிறப்புக் கல்வி விவரம் அந்தப் பொது விவரங்களில் ஒருபோதும் வராது. கல்லூரி பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: கல்லூரிக்கும் வேலைக்கும் அனுப்பப்படும் மதிப்பெண் பட்டியலில் பிள்ளைக்கு ஊனம் இருக்கிறது என்று காட்டும் குறிப்பு வரக் கூடாது என்று கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் 2008இல் விளக்கியிருக்கிறது. கல்லூரியில் உதவி வேண்டுமென்றால் அங்கே போய்ச் சொல்வதும் சொல்லாததும் பிள்ளையின் விருப்பம்.

ஒன்று மட்டும் மனசு கேட்காமல் எழுதுகிறேன். பள்ளி காக்கும் இரகசியத்தை நம் வாட்ஸ்அப் குழுக்கள் காப்பதில்லை. யோசனை கேட்கும் அவசரத்தில் அறிக்கையைப் படம் பிடித்து இருநூறு பேர் இருக்கும் குழுவில் போட்டுவிடுகிறோம். அந்தப் படத்தில் இருப்பது உங்கள் பிள்ளையின் பெயர்.

சிக்கல் வந்தால்

அந்தரங்க மீறலுக்கு மத்தியக் கல்வித் துறையின் மாணவர் அந்தரங்க அலுவலகத்தில் 180 நாட்களுக்குள் புகார் தரலாம். ஃபெர்பாவின் பேரில் பள்ளிமேல் நேரடியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. 2002இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. சேவை விஷயத்தில் உங்கள் கை இன்னும் பலமானது. மாநிலக் கல்வித் துறைக்கு ஒரு வருஷத்துக்குள் புகார் எழுதலாம், அவர்கள் பொதுவாக 60 நாட்களில் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். சமரசப் பேச்சும் முறையான விசாரணையும் அதற்கு மேலே இருக்கின்றன. விசாரணைக்குப் பொதுவாக இரண்டு வருஷக் கெடு. விசாரணை நடக்கும்போது, நீங்களும் பள்ளியும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை பிள்ளை இப்போது இருக்கும் இடத்திலேயே, இப்போதைய சேவைகளோடு தொடரும்.

வக்கீலிடம் போகும் முன் உங்கள் மாநிலத்தின் பெற்றோர் பயிற்சி, தகவல் மையத்தைக் கூப்பிடுங்கள். ஐடியா சட்டத்தின் நிதியில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றாவது இருக்கிறது. பிள்ளை வளர்த்து இந்தப் பாதையில் நடந்த பெற்றோரே பலர் அங்கே வேலை செய்கிறார்கள்.

ஊர் மாறும்போது

புராஜெக்ட் முடிந்தால் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கு மாறுவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. புதிய டிஸ்ட்ரிக்ட் தன் மதிப்பீட்டையும் திட்டத்தையும் முடிக்கும்வரை பழைய ஐ.இ.பி.யில் இருந்ததற்கு நிகரான சேவையைத் தர வேண்டும். கோப்பு பள்ளியிலிருந்து பள்ளிக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். உங்கள் கையில் நகல் இருந்தால் சேர்க்கும் நாளிலேயே மேசையில் வைக்கலாம். இந்தியாவுக்குத் திரும்புவதானாலும் முழு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கின்றன. அந்நாட்டுச் சான்றிதழ் தனியே வாங்க வேண்டும் என்றாலும், பழைய அறிக்கைகள் மருத்துவருக்குப் பெரிய உதவி.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்துவிட்டால், ஃபெர்பா உரிமைகள் பிள்ளைக்குப் போய்விடும். பெரும்பாலான மாநிலங்களில் ஐ.இ.பி. முடிவுகளும் 18இல் அப்படியே கைமாறும். ஒரு வருஷம் முன்பே பள்ளி உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பதினாலு பதினைந்து வயதிலிருந்தே கூட்டத்துக்குப் பிள்ளையை அழைத்துவாருங்கள். தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று அதுவும் தெரிந்துகொள்ளட்டும்.

பள்ளிப்படிப்பு முடிந்த பிறகு, இந்தப் பதிவுகள் இனித் தேவையில்லை என்று டிஸ்ட்ரிக்டிலிருந்து ஒரு அறிவிப்பு வரும். நீங்கள் கேட்டால் அழித்துவிடுவார்கள். பெயர், மதிப்பெண், வருகை போன்ற அடிப்படை விவரங்கள் மட்டும் நிரந்தரமாக இருக்கும். ‘அப்பாடா, அழியட்டும்’ என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். கல்லூரியில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்கவோ, பிற்காலத்தில் சமூகப் பாதுகாப்பு உதவிக்கு விண்ணப்பிக்கவோ, சிறு வயதிலிருந்தே இந்தக் குறைபாடு இருந்தது என்று காட்டும் சான்று அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. முழு நகலை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அழிக்கச் சொல்லி எழுதுங்கள்.